போகிறேன் என்றவனுக்கு விருந்து

இலுப்பைக் காட்டில் தொப்பளான் என்று ஒரு பெருச்சாளி இருந்தான். மண்ணைத் தோண்டுவதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. மரம் ஏறச் சொன்னால் மட்டும் பொத்தென்று விழுவான். மேலே பழுத்துத் தொங்குவதை அண்ணாந்து பார்த்து எச்சில் விழுங்குவதோடு சரி.

அதனால் அணில்களை வேலைக்கு வைத்துக்கொண்டான். அணில்கள் மரத்தில் ஏறிக் காயும் கொட்டையும் பறிக்கும். கீழே கொண்டுவந்து தொப்பளானின் வளைக்குள் சேர்க்கும். சேர்த்ததில் ஒரு பங்கு அணிலுக்கு, மிச்சம் முதலாளிக்கு. இதுதான் பேச்சு.

அந்தக் காட்டில் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது. எங்கே பார்த்தாலும் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். ஒரு கிழங்கு, ஒரு வேர் கிடைக்காது. மழைக்கு முன்பே வளை நிறைந்திருந்தால் தொப்பளானுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் குட்டிகளுக்கும் சாப்பாடு உண்டு. நிறையாவிட்டால் வயிற்றில் ஈரத்துணிதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிலம்பாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கும் மரம் ஏறத் தெரியாது. அவளும் அணில்களை வைத்துத்தான் வளையை நிரப்பினாள். ஆனால் ஒரு வித்தியாசம். சிலம்பாயியிடம் வேலைக்குச் சேர்ந்த அணில் அங்கேயே கிடந்தது. தொப்பளானிடம் சேர்ந்த அணில் கொஞ்ச நாளில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போனது.

இதைப் பார்த்துப் பார்த்துத் தொப்பளானுக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. "அந்த முள்ளுக்காரிகிட்ட அப்படி என்ன இருக்கு? என்கிட்ட என்ன இல்ல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். சுவர் என்ன சொல்லும்?

ஒருநாள் சாயங்காலம் ஓடையைத் தாண்டிப் போய்க் கள்ளிச்செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சிலம்பாயி ஏதாவது சொக்குப்பொடி போடுகிறாளா என்று கண்டுபிடிக்க வேண்டும் அவனுக்கு.

சிலம்பாயி தன் அணில்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "இன்னைக்கு யாருக்கு என்ன இடைஞ்சல்? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்றாள்.

"புளியமரத்தடியில நெருஞ்சி மண்டிக் கெடக்கு, ஆத்தா! கால் வைக்க முடியல!" என்றது ஒரு அணில்.

"சரி" என்றாள் சிலம்பாயி. மறுநாள் விடிந்ததும் தானே போய் அந்த நெருஞ்சியைப் பிடுங்கிப் போட்டாள்.

மறுநாளும் ஒளிந்திருந்து பார்த்த தொப்பளானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதலாளியே களை பிடுங்குறாளே! வெக்கங்கெட்டவ! இதுக்காகவா அணிலுக இவகிட்ட ஒட்டிக்கிட்டுக் கெடக்குது? இருக்கவே இருக்காது! கமுக்கமா ஏதோ குடுக்குறா!" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

வந்ததும் மாயக்காவைக் கூப்பிட்டான்.

மாயக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். தொப்பளான் தொழில் தொடங்கிய நாளில் வந்து சேர்ந்த அணில் அவள். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை தாங்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். தொப்பளானின் குட்டிகளுக்கு அவளைக் கண்டால் போதும், முதுகில் ஏறிக்கொள்ளும்.

"மாயக்கா! அந்தச் சிலம்பாயி அவ ஆளுகளுக்கு என்ன பங்கு குடுக்குறா?" என்று கேட்டான் தொப்பளான்.

"நீங்க குடுக்குறதேதான், முதலாளி."

"பொய்! கூடக் குடுக்குறா!"

"சத்தியமா இல்ல முதலாளி. அது கெடக்கட்டும். நம்ம வளை வாசல் விஷயம் என்னாச்சு?"

தொப்பளானின் வளைக்கு ஒரே ஒரு வாசல். அது பொட்டலைப் பார்த்து இருந்தது. பொட்டலின் ஓரத்தில் ஒரு பட்ட மரம். அந்த மரத்தின் உச்சியில் எந்நேரமும் ஒரு பருந்து உட்கார்ந்திருக்கும். அணில்கள் ஒவ்வொரு தடவையும் வாய் நிறையக் கொட்டையைக் கவ்விக்கொண்டு, அந்தப் பொட்டலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடித்தான் கடக்க வேண்டும்.

"பின்பக்கம் காரைப்புதர் அடர்த்தியா இருக்கு. அந்தப் பக்கம் இன்னொரு வாசல் தோண்டிட்டா நாங்க புதருக்குள்ளயே வந்து போயிருவோம். பருந்துக்குத் தெரியாது" என்றாள் மாயக்கா. இதை அவள் போன வருஷமும் சொன்னாள். அதற்கு முந்தின வருஷமும் சொன்னாள்.

"ஆகட்டும், ஆகட்டும்! பார்ப்போம்!" என்றான் தொப்பளான்.

முதலாளிமார் பாஷையில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். மாயக்காவுக்கும் அது தெரியும். வேலைக்குப் போய்விட்டாள்.

தொப்பளானுக்கு வேறு யோசனை ஓடியது. "அவ ஆளை நான் இழுக்கணும்! அதுவும் அவ கண்ணு முன்னாடி இழுக்கணும்! அவ அழறதை நான் பார்க்கணும்!"

சிலம்பாயியிடம் சுருளி என்று ஒரு வாலிப அணில் இருந்தான். கிளைக்குக் கிளை அவன் தாவினால் கண் பின்தொடராது. தொப்பளான் ஓடைக்கரையில் காத்திருந்து அவனைப் பிடித்தான்.

"தம்பி சுருளி! உன் வேகத்துக்கு நீ இருக்க வேண்டிய இடமாப்பா அது? என்கிட்ட வா! வந்த அன்னைக்கே விருந்து! அத்திப்பழம், வேர்க்கடலை, பனங்கிழங்கு! படுக்க இலவம்பஞ்சு மெத்தை!"

சுருளியின் வாயில் எச்சில் ஊறியது. நேரே சிலம்பாயியிடம் போனான். தொப்பளானும் பின்னாலேயே போய்க் கள்ளிச்செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

"ஆத்தா, நான் தொப்பளான் முதலாளிகிட்டப் போறேன்" என்றான் சுருளி.

"அப்படியா? போய்ப் பாருய்யா" என்றாள் சிலம்பாயி. "நீ பொட்டல்ல ஓடணும், பருந்து இருக்கு, சூதானமா இரு. வழியில பசிச்சா இதைத் தின்னு. ஒத்துவரலைன்னா திரும்பி வர யோசிக்காத!" ஒரு நாவல் பழத்தையும் அவன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கள்ளிச்செடிக்குப் பின்னால் தொப்பளானுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அழமாட்டேங்குறாளே! ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேங்குறாளே! பாவி மக!" ஆள் கிடைத்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இன்னும் அதிகமானது.

சுருளி வந்த அன்றைக்குத் தடபுடலாக விருந்து நடந்தது. வளைக்குள் சேர்த்து வைத்ததில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துச் சுருளியின் முன்னால் குவித்தான் தொப்பளான். வெயிலில் ஓடி ஓடிக் கொட்டை சுமந்த மற்ற அணில்கள் வாசலில் நின்று பார்த்தன.

"நாம முதுகொடிய இழுக்குறோம். நமக்கு என்னைக்காவது ஒரு கடலை குடுத்திருக்காரா?" என்றது ஒன்று.

"அவன் இன்னும் ஒரு கொட்டைகூடப் பறிக்கலையேப்பா!" என்றது இன்னொன்று.

"விடுங்க. விருந்தாளி மாதிரி நினைச்சுக்கோங்க. மழைக்கு முன்னாடி வளை நிறையணும், வாங்க!" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போனாள் மாயக்கா.

கொஞ்ச நாள் போனது. சுருளியும் பழைய ஆளாகிவிட்டான். அவனும் பருந்துக்குப் பயந்து பொட்டலில் ஓடினான். அவனையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அத்திப்பழம் எங்கே, பனங்கிழங்கு எங்கே? பையனுக்கு வெறுத்துப் போய்விட்டது.

"முதலாளி, நான் ஆத்தாகிட்டயே திரும்பிப் போறேன்" என்றான்.

தொப்பளானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் திரும்பிப் போனால் சிலம்பாயி சிரிப்பாளே! ஊரைக் கூட்டிச் சொல்லிச் சிரிப்பாளே!

"ஐயையோ! என் ராசா! என்ன குறை உனக்கு? உட்காரு! முதல்ல சாப்பிடு!" என்று மறுபடியும் விருந்து வைத்தான். அத்திப்பழம் வந்தது. கடலை வந்தது. புதுப் பஞ்சு வந்தது.

சுருளிக்கு அப்போதுதான் சங்கதி புரிந்தது. தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மற்ற அணில்களிடம் போனான்.

"அட மடப்பசங்களா! இங்க வேலை செஞ்சா ஒண்ணும் கிடைக்காது! போறேன்னு சொல்லுங்க, விருந்தே கிடைக்கும்!" என்றான்.

அவ்வளவுதான்! மறுநாள் ஒரு அணில் வந்து, "முதலாளி, சிலம்பாயி ஆத்தா கூப்பிடுறாங்க, நான் போறேன்" என்றது. அதற்கு ஒரு விருந்து. அடுத்த நாள் இன்னொன்று வந்தது. அதற்கும் ஒரு விருந்து. பிறகு முறை வைத்துக்கொண்டு வந்தன. சிலம்பாயி பெயரைச் சொன்னால் போதும், தொப்பளானுக்கு ரத்தம் கொதிக்கும். உடனே வளைக்குள் ஓடி அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவான். மரத்தில் ஏறுகிறவர்களைவிட மெத்தையில் படுத்திருக்கிறவர்கள் அதிகமானார்கள். வளை நிறைவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே வந்தது.

மாயக்கா மட்டும் அந்தக் கூத்தில் சேரவில்லை. அவள் பாட்டுக்குப் பறித்தாள், சுமந்தாள், சேர்த்தாள்.

ஒரு விருந்தில் சுருளிக்கே மனசு கேட்கவில்லை. "முதலாளி, மாயக்காவுக்கும் ஒரு பழம் குடுங்களேன். நாங்க திங்கிறதே அது கொண்டு வந்ததுதானே" என்றான்.

"அவளுக்கு எதுக்குடா?" என்று சிரித்தான் தொப்பளான். "அவ எங்க போகப் போறா!"

மாயக்கா அப்போது வாசலில்தான் நின்றாள். வாயில் கொட்டை. காதில் விழாமல் இருக்குமா? கொட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.  அடுத்த கொட்டைக்காகத் திரும்பிப் போனாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அது நடந்தது. மாயக்கா பொட்டலில் பாதி தூரம் வந்திருப்பாள். பருந்து சர்ரென்று இறங்கியது. மாயக்கா உருண்டு, புரண்டு, ஒரு கல்லின் அடியில் புகுந்து தப்பினாள். வாலில் பாதி பருந்தின் காலோடு போய்விட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட வளைக்குள் வந்து விழுந்தாள்.

தொப்பளான் யாருக்கோ கடலை உரித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான்.

"அடடா! கொட்டையெல்லாம் பொட்டல்லயே கொட்டிட்டியா?" என்று கேட்டான்.

கேட்டானே அந்தக் கேள்வி! நாக்கு எப்படித்தான் எழுந்ததோ!

 மாயக்கா வாலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டாள். மெதுவாக எழுந்தாள்.

"நான் நாளைக்குப் போறேன், முதலாளி" என்றாள்.

தொப்பளானுக்கு முதலில் விளங்கவில்லை. "நீயுமா? சரி, உட்காரு. உனக்கு அத்திப்பழமா, பனங்கிழங்கா?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம் முதலாளி. நிஜமாவே போறேன்."

அவள் குரலைக் கேட்டதும்தான் தொப்பளானுக்கு அது நிஜம் என்று உறைத்தது. மாயக்கா போனால் பறிப்பது யார்? மற்றவர்களை மரத்துக்கு இழுத்துக்கொண்டு போவது யார்? மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது!

"என்ன வேணும் சொல்லு! ரெண்டு பங்கு தர்றேன்! மூணு பங்கு! மெத்தை! ஆங், வாசல்! வாசல் கேட்டியே! இதோ பாரு!" என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடி இடம் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தோண்ட ஆரம்பித்தான். மண் பறந்தது. தோண்டுவதில்தான் அவன் சூரனாயிற்றே! வெயில் ஏறுவதற்குள் காரைப்புதருக்குள் அழகான வாசல் ஒன்று திறந்துகொண்டது. அதன் வழியே தலையை நீட்டி, மூக்கெல்லாம் மண்ணாக, "பாரு மாயக்கா! முடிச்சுட்டேன்! இப்ப சந்தோஷமா?" என்றான்.

மாயக்கா அந்த வாசலைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு சீக்கிரம் முடியுற வேலைதானா முதலாளி இது?" என்றாள். "பெரிய பாறை ஏதோ குறுக்க இருக்கு போல, அதான் உங்களால முடியலைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க ஆளுக எத்தனை பேரைப் பருந்து கொண்டுபோச்சு! இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே!"

 தொப்பளானுக்குள் இருந்த பொறாமைதான் வாயைத் திறந்தது. "எனக்குத் தெரியும்! அந்தச் சிலம்பாயி உன்னைக் கூப்பிட்டுட்டா! என்ன தர்றேன்னா? சொல்லு! என்ன தர்றேன்னா?"

"என்னை யாரும் கூப்பிட்டுப் போகல, முதலாளி. நான் அவங்ககிட்டப் போகல. உங்களை விட்டுத்தான் போறேன்" என்றாள் மாயக்கா.

குட்டிகள் ஒவ்வொன்றின் தலையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, காரைப்புதர் வழியாகவே போய்விட்டாள்.

அவள் போனதும் மற்ற அணில்களுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மரத்துக்கு வா என்று கூப்பிட ஆள் இல்லை. விருந்து வைக்க வளையில் பண்டமும் இல்லை. இந்தத் தடவை போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சுருளியும் ஓடையைத் தாண்டிவிட்டான்.

தொப்பளானுக்கு வந்ததே கோபம்! உடம்பெல்லாம் எரிய, ஓடையைத் தாண்டி ஓடினான். சிலம்பாயி கிழங்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் சிலம்பாயி! நல்லா இருப்பியா நீ? என் மாயக்காவை எங்க ஒளிச்சு வெச்சிருக்க? மரியாதையா வெளிய அனுப்பு!" என்று கத்தினான்.

சிலம்பாயியின் வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. "மாயக்கா போயிட்டாளா? உங்களை விட்டா? என்னண்ணே சொல்றீங்க!"

"நடிக்காத! நீதான் இழுத்திருக்க!"

"இழுத்துப் பார்த்தேன், இல்லைங்கல" என்றாள் சிலம்பாயி. "வருஷா வருஷம் கூப்பிட்டேன் அண்ணே. 'அங்க பொட்டல்ல உயிரை விடாத, இங்க வா'ன்னு கெஞ்சுனேன். வரவே மாட்டேன்னுட்டா. 'எங்க முதலாளி பிள்ளைகுட்டிக்காரர். மரம் ஏறத் தெரியாதவர். நானும் வந்துட்டா மழைக்கு அந்தக் குட்டிக என்னத்தத் திங்கும்?'னு கேட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அழுகையா வந்துச்சு! 'எத்தனை அணில் வெச்சிருந்து என்ன, இப்படி ஒருத்தி நமக்கு வாய்க்கலையே'ன்னு உங்களைப் பார்த்து வயிறெரிஞ்சு கெடந்தவ அண்ணே நான்!"

தொப்பளான் யோசித்துப் பார்த்தான்.  போகிறேன் என்று வந்தவனிடமெல்லாம் "ஏன் போறே?" என்று கேட்டிருக்கிறான். இத்தனை வருஷம் இருந்தவளிடம் "ஏன் இருக்கே?" என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. காடே பார்த்துப் பொறாமைப்படும்படி ஒருத்தி அவன் வளையிலேயே இருந்திருக்கிறாள். அவன் ஓடைக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான்.

முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். வளைக்குள் அடிமண் தெரிந்தது. குட்டிகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டன.

"அப்பா, பசிக்குது! மாயக்கா எங்கப்பா? இன்னைக்கு ஏன் வரல?"

தொப்பளான் குட்டிகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டான். வெளியே மழை வலுத்தது.

போகிறேன் என்று மிரட்டுகிறவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் உழைக்கிறவரை எங்கே போய்விடப் போகிறார் என்று அலட்சியம் செய்பவனிடம், கடைசியில் ஒருவரும் மிஞ்சமாட்டார்.